திரும்பி வரும் வழி: ஆய்விதழ்க் கட்டுரையில் சான்று காட்டுதல்

1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் மண்டபம் முகாமிலிருந்து இயங்கியது. அதன் தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்தில் ஆய்வு மையம் இயங்கி வருகிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைப் பற்றியும், பாக் நீரிணையின் கடற்புல்லைப் பற்றியும், பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியும் ஆய்விதழ்களில் கட்டுரைகள் தொடர்ந்து வெளிவருகின்றன. இந்தக் கரையோர ஊர்களில் பிறந்து, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போய், தம் ஊரைப் பற்றித் தாமே எழுதத் தொடங்கியிருக்கும் மாணவர்கள் சிலருடைய கட்டுரைகளை, ஆய்விதழுக்கு அனுப்பும் முன் படித்துத் திருத்தித் தரும் பணி எனக்கு வாய்த்திருக்கிறது. களப்பணி நன்றாக இருக்கும், அட்டவணைகள் சரியாக இருக்கும். கடைசி இரண்டு பக்கங்கள் மட்டும் குலைந்து கிடக்கும். கேட்டால், “ரெஃபரன்ஸ்தானே, கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்” என்பார்கள்.

அந்தச் சொல்லில்தான் தவறான புரிதல் இருக்கிறது. சான்று காட்டுவதைக் கட்டுரை முடிந்த பின் ஒட்டும் அலங்காரம் என்றோ, நிறையப் படித்திருக்கிறோம் என்று காட்டும் அடையாளம் என்றோ பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரையில் இரண்டு அடையாளங்கள்

ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன், கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டான ‘பார்’ ஒன்றைக் கண்டுபிடித்த மீனவர் மறுநாள் அதே இடத்துக்கு எப்படிப் போனார் என்று ஊர்ப் பெரியவர் எவரையும் கேட்டுப் பார்க்கலாம். கரையில் தெரியும் இரண்டு பொருள்களை, ஒரு கோபுரத்தையும் ஒரு பனங்கூட்டத்தையும் போல, ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்து ஒரு திசையைப் பிடிப்பார். வேறு பக்கத்தில் அதே போல இன்னொரு நேர்கோட்டைப் பிடிப்பார். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே அந்தப் பார். ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அந்தக் கோட்டின் நீளம் முழுவதும் அலைய வேண்டியதுதான்.

ஆய்வுக் கட்டுரையின் சான்றும் இப்படி இரண்டு பகுதிகளால் ஆனது. முதற்பகுதி, உரை ஓடிக்கொண்டிருக்கும்போது வாக்கியத்துக்குள் இடப்படும் சிறு குறிப்பு. ஆங்கிலத்தில் சைட்டேஷன் எனப்படும் இதை இங்கே ‘சான்றுக்குறிப்பு’ என்று அழைப்போம். இரண்டாம் பகுதி, கட்டுரையின் முடிவில் அந்த மூலத்தின் முழு விவரத்தையும் தரும் வரி. இதை ‘உள்ளீடு’ என்றும், உள்ளீடுகள் அடங்கிய தொகுப்பை, அதாவது ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை, ‘சான்றுப் பட்டியல்’ என்றும் கொள்வோம். சான்றுக்குறிப்பு, இந்தச் செய்தி யாரிடமிருந்து வந்தது என்று சொல்கிறது. உள்ளீடு, அந்த மூலத்தை எங்கே போய் எடுப்பது என்று சொல்கிறது. இரண்டும் பொருந்தினால்தான் முன்பின் அறியாத ஒரு வாசகர், எழுதியவருடைய உதவி இல்லாமலே, மூலத்துக்குத் திரும்பிப் போக முடியும்.

பட்டியலில் இருந்து உரையில் இல்லாத உள்ளீடும், உரையில் இருந்து பட்டியலில் இல்லாத குறிப்பும் பிழை எனப்படுவதற்குக் காரணம் இதுதான். நம் தமிழ்த்துறை ஆய்வேடுகளின் இறுதியில் வரும் துணைநூற்பட்டியலில் படித்தவை அனைத்தையும் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஆய்விதழின் சான்றுப் பட்டியலில் அந்தச் சலுகை இல்லை. உரையில் சுட்டியவை மட்டுமே அங்கே இடம்பெறும்.

சுருங்கச் சொன்னால், சான்றுக்குறிப்பும் உள்ளீடும் ஓர் இணை. வாசகர் மூலத்துக்குத் திரும்பிச் செல்ல வழி செய்வதே அந்த இணையின் வேலை.

எந்த வாக்கியத்துக்குச் சான்று வேண்டும்

இராமேசுவரம் ஒரு தீவு என்பதற்குச் சான்று வேண்டியதில்லை. அது எல்லோரும் அறிந்தது. மரிக்கொழுந்துப் பாசியை வெட்டிய பின் அது மீண்டும் வளர எவ்வளவு காலமாகும் என்று எழுதினால், அதை அளந்தவர் யார் என்று சொல்லியாக வேண்டும். உங்கள் சொந்த அளவீடாயின் உங்கள் ஆய்வுமுறைப் பகுதி அதற்குப் பொறுப்பேற்கும். பிறர் அளந்தது எனில் சான்றுக்குறிப்பு பொறுப்பேற்கும்.

குறிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் பொருளை மாற்றும். ஒரு பத்தியில் ஐந்து செய்திகளைச் சொல்லிவிட்டுப் பத்தியின் இறுதியில் நான்கு பெயர்களை அடுக்கி வைத்தால், எந்தச் செய்தி யாருடையது என்று வாசகருக்குத் தெரியாது. செய்தி முடியும் இடத்திலேயே அதற்குரிய குறிப்பு நிற்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்க்க வேண்டும். சான்றுக்குறிப்பு இட்டுவிட்டால் பிறருடைய வாக்கியங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நம்புகிறார்கள். குறிப்பு, கருத்தின் உரிமையை ஒப்புக்கொள்கிறது. சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள்குறிகளும் பக்க எண்ணும் கூடுதலாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், ஒப்புமைச் சோதனையில் சான்றுப் பட்டியலையும் முறையாகச் சுட்டிய மேற்கோள்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மேற்கோள்குறி இல்லாமல் பெயர்த்தெடுத்த பத்தி, அதன் முடிவில் சான்றுக்குறிப்பு இருந்தாலும், ஒப்புமையாகவே எண்ணப்படும்.

படிக்காத மூலத்தைச் சுட்டுவது இதைவிடக் கடுமையான தவறு என்று நான் கருதுகிறேன். 1914இல் வெளிவந்த ஒரு நூலின் கருத்தை 2015ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் படித்துவிட்டு, 1914ஆம் ஆண்டு நூலை நேரே சுட்டினால், இடையில் இருந்தவர் செய்த பிழை எதுவோ அது உங்கள் பெயரில் தொடரும். மூலம் கிடைக்கவே இல்லையென்றால், ‘இன்னாருடைய கட்டுரையில் சுட்டப்பட்டவாறு’ என்று உரையில் வெளிப்படையாக எழுதி, நீங்கள் படித்த கட்டுரையை மட்டும் பட்டியலில் சேர்ப்பதே நேர்மையான முறை.

ஒரே நூல், மூன்று நடைகள்

சான்று காட்டும் வடிவங்கள் ‘நடை’ எனப்படுகின்றன. ஸ்டைல் என்று நாம் சொல்வது இதைத்தான். நூற்றுக்கணக்கான நடைகள் இருந்தாலும் அவற்றின் அடிப்படை வகைகள் மிகச் சில.

முதலாவது ஆசிரியர்–ஆண்டு முறை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தையின் முட்டையைப் பற்றி 1881இல் எழுதிய கட்டுரையில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டதே இம்முறையின் தொடக்கம் என்பார்கள். ஹார்வர்டு முறை என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்து, இன்று பரவலாக வழங்கும் ஏபிஏ நடை இந்த வகையைச் சேர்ந்தது. கடலியல், மீன்வள இதழ்கள் பலவும் இம்முறையின் ஏதாவது ஒரு வடிவத்தைக் கேட்கின்றன, ஏனெனில் எந்த ஆண்டில் அளந்தது என்பது இத்துறைகளில் படிக்கும்போதே தெரிய வேண்டிய செய்தி.

இரண்டாவது எண் முறை. மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி வகுத்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததால் வான்கூவர் நடை என்ற பெயர் பெற்றது. உரையில் 1, 2, 3 என எண் மட்டும் வரும். பட்டியல் அகரவரிசையில் இராது, உரையில் முதலில் தோன்றிய வரிசையில் இருக்கும். பொறியியலில் வழங்கும் ஐ-ட்ரிபிள்-ஈ நடையும் எண் முறையே.

மூன்றாவது அடிக்குறிப்பு முறை. வரலாறு, இலக்கியத் துறைகளில் இது நிலைத்திருக்கிறது. தமிழ் ஆய்வேடுகளில் இயல்தோறும் இறுதியில் வரும் ‘சான்றெண் விளக்கம்’ இதன் உறவுதான்.

வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க, இந்தக் கடலைப் பற்றிய உண்மையான நூல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் சங்கு குளிப்பைப் பற்றி எழுதிய நூல் 1914இல் சென்னையில் அரசு அச்சகத்தில் வெளியானது. ஏபிஏ நடையில் உரைக்குள் (ஹார்னெல், 1914) என்று குறிப்போம். பட்டியலில் ‘ஹார்னெல், ஜே. (1914). தி சேக்ரட் சங்க் ஆஃப் இந்தியா. கவர்ன்மென்ட் பிரஸ்.’ என்று தலைப்பைச் சாய்வெழுத்தில் எழுதுவோம். வான்கூவர் நடையில் உரைக்குள் ஓர் எண் மட்டும். பட்டியலில் ‘ஹார்னெல் ஜே. தி சேக்ரட் சங்க் ஆஃப் இந்தியா. மெட்ராஸ்: கவர்ன்மென்ட் பிரஸ்; 1914.’ என்று ஆண்டு கடைசிக்குப் போய்விடும். மாடர்ன் லாங்க்வேஜ் அசோசியேஷன் என்னும் அமைப்பு வகுத்த எம்எல்ஏ நடையில் முதற்பெயர் முழுமையாக வந்து ‘ஹார்னெல், ஜேம்ஸ்’ என்றாகும்; ஆண்டு அங்கும் இறுதியில்தான். வெளியீட்டு ஊரை வான்கூவர் கேட்கிறது. ஏபிஏ தன் 2019ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பிலிருந்து கேட்பதில்லை.

செய்திகள் எங்கும் மாறவில்லை. அவற்றின் வரிசையும் நிறுத்தக்குறியும்தான் மாறின. ஆகவே முதலில் செய்திகளை முழுமையாகத் திரட்டிக்கொண்டால் எந்த நடைக்கும் பின்னால் மாற்றலாம். நடையை முதலில் கற்றுக்கொண்டு செய்தியைப் பாதியில் விட்டால் எந்த நடையும் கைகொடுக்காது. எந்த நடை என்பதை இதழின் ‘ஆசிரியர்களுக்கான அறிவுரைகள்’ பக்கமே முடிவு செய்யும்; அதே இதழின் அண்மை வெளியீடு ஒன்றைத் திறந்து, அதன் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது எளிது.

உள்ளீட்டின் உள்ளே

எந்த உள்ளீடும் நான்கு கேள்விகளுக்கு விடை தருகிறது: யார் எழுதினார், எப்போது வெளியானது, எது அதன் தலைப்பு, எங்கே கிடைக்கும். நூலென்றால் ‘எங்கே’ என்பதற்குப் பதிப்பகம் போதும். ஆய்விதழ்க் கட்டுரையென்றால் இதழின் பெயர், தொகுதி எண், இதழ் எண், பக்கங்கள் ஆகியவை வேண்டும். 12(3), 45–58 என்று கண்டால் பன்னிரண்டாம் தொகுதியின் மூன்றாம் இதழில் 45 முதல் 58 வரையான பக்கங்கள் என்று பொருள். சாய்வெழுத்தும் வெறும் அலங்காரமில்லை. ஏபிஏ போன்ற நடைகளில், நூலகத்தில் தனியாக நிற்கும் பொருளின் பெயர், அதாவது நூலின் பெயரோ இதழின் பெயரோ, சாய்ந்திருக்கும். அதற்குள் அடங்கிய கட்டுரையின் தலைப்பு நேராக நிற்கும். இது தெரிந்தவருக்குப் பட்டியலைப் பார்த்த கணமே நூல் எது, கட்டுரை எது என்று விளங்கிவிடும்.

இவற்றோடு இன்று இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கரையில் நிற்கும் ஒரு விசைப்படகின் வண்ணம் மாறலாம், பெயர் மாறலாம், உரிமையாளர்கூட மாறலாம். அதன் பதிவெண்ணைக் கொண்டு அது எந்தப் படகு என்று எப்போதும் சொல்லிவிடலாம். கட்டுரைகளுக்கு அப்படிப்பட்ட பதிவெண்ணே டிஓஐ. இணைய முகவரிகள் மாறும், இதழ்கள் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும், டிஓஐ மாறாது. அது 10 என்ற எண்ணில் தொடங்கும். சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதி அதைப் பதிவு செய்த நிறுவனத்தையும், பின்னுள்ள பகுதி அந்தக் கட்டுரையையும் குறிக்கும்.

இங்கேதான் அச்சுக்கலைக்கு அப்பாற்பட்ட செயல்முறை தொடங்குகிறது. உங்கள் கட்டுரை ஏற்கப்பட்ட பின், பதிப்பகத்தின் கணினி உங்கள் பட்டியலை வரி வரியாகப் பிரித்து, பெயர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம் எனத் தனித்தனியாக எடுத்து, ஏற்கெனவே பதிவாகியுள்ள கட்டுரைகளோடு ஒப்பிடுகிறது. பதிப்பகங்கள் சேர்ந்து 2000ஆம் ஆண்டு நிறுவிய கிராஸ்ரெஃப் என்னும் அமைப்பு இந்தப் பதிவுகளைப் பேணுகிறது. பொருத்தம் கிடைத்தால் இரு கட்டுரைகளுக்கும் இடையே தொடுப்பு உண்டாகிறது. மேற்கோள் எண்ணிக்கை என்று பேசப்படுவது இத்தகைய தொடுப்புகளின் கூட்டுத்தொகையே. ஆண்டில் ஓர் இலக்கம் தவறினாலோ தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இடம் மாறினாலோ பொருத்தம் தவறக்கூடும். அப்போது நீங்கள் மதித்துச் சுட்டிய ஆய்வாளருக்கு அந்த மதிப்பு போய்ச் சேராது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை: உள்ளீடு நான்கு கேள்விகளுக்கு விடை, டிஓஐ மாறாத பதிவெண், பட்டியலை மனிதர் மட்டுமன்றிக் கணினியும் படிக்கிறது.

நம் பெயர்கள்

இந்த முறைகள் அனைத்தும் குடும்பப்பெயர் உடைய சமூகங்களில் உருவானவை. நம் வழக்கம் வேறு. முனியசாமியின் மகள் செல்வி ஒரு கட்டுரை எழுதியதாக வைத்துக்கொள்வோம். அவர் மு. செல்வி. இதழின் இணையப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்ட, அவர் தலைப்பெழுத்தை விரித்து ‘செல்வி முனியசாமி’ என்று நிரப்புகிறார். அந்தக் கட்டுரையை உலகம் ‘முனியசாமி, செ.’ என்று சுட்டும்; உரையில் ‘முனியசாமி (2021)’ என்று வரும். ஆய்வு செய்யாத தந்தை ஆசிரியராகிறார். அடுத்த கட்டுரையில் அவர் ‘மு. செல்வி’ என்றே எழுதினால், தரவுத்தளத்தில் இருவேறு ஆய்வாளர்கள் தோன்றுகிறார்கள். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றினால் மூன்றாமவர் தோன்றுகிறார்.

இந்தக் கரையில் இது இன்னும் சிக்கலானது. கடலோரக் கத்தோலிக்கர் பலருக்குப் பர்னாந்து என்பது உண்மையான குடும்பப்பெயர். அது கடைசியில் வரும், அதையே முன்னால் எடுக்கலாம். கீழக்கரையில் முகம்மது என்றோ செய்யது என்றோ தொடங்கும் பெயரில், அழைக்கும் பெயர் பின்னால் இருக்கக்கூடும். அங்கே எதை முன்னிறுத்துவது என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். மூவருக்கும் ஒரே விதியைப் பூட்டினால் ஒருவருக்காவது தவறு நேரும்.

பிறரைச் சுட்டும்போது அவர் தம் பெயரைத் தம் கட்டுரைகளில் எப்படி அச்சிட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஊகித்துத் திருப்பிப் போடாதீர்கள். முனைவர், பேராசிரியர் முதலிய பட்டங்கள் உள்ளீட்டில் வாரா. உங்கள் பெயருக்கு, முதற்கட்டுரை அனுப்பும் முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். 2012 முதல் இலவசமாக வழங்கப்படும் ஆர்க்கிட் என்னும் ஆய்வாளர் அடையாள எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதினாறு இடங்கள் கொண்ட அந்த எண், தலைப்பெழுத்து எப்படித் திரிந்தாலும் எழுதியவர் ஒருவரே என்று காட்டும். என்னிடம் வரும் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து எழுதியிருந்தால் ஏபிஏ ஏழாம் பதிப்பு, முதலாமவர் பெயருக்குப் பின் ‘மற்றும் பிறர்’ என்ற பொருளுள்ள ‘எட் ஆல்.’ என்னும் லத்தீன் சுருக்கத்தை இடச் சொல்கிறது. அது உரைக்கு மட்டும். பட்டியலில் இருபது பேர் வரை அனைவர் பெயரும் வரும்.

உயிரினப் பெயர்களில் வரும் ஓர் அடைப்புக்குறியையும் இங்கே தெளிவாக்க வேண்டும். ஆவுளியா என்னும் கடற்பசுவின் அறிவியல் பெயரை டுகோங் டுகோன் (முல்லர், 1776) என்று எழுதுவார்கள். பார்ப்பதற்குச் சான்றுக்குறிப்பைப் போலவே இருந்தாலும், அது அந்த இனத்துக்குப் பெயரிட்டவரையும் ஆண்டையும் காட்டும் மரபு. பின்னாளில் பேரினம் மாற்றப்பட்டதால் அடைப்புக்குறி வந்தது. முல்லரின் நூலை நீங்கள் படித்துச் சுட்டினாலன்றி, அல்லது இதழ் தனியாகக் கேட்டாலன்றி, அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை.

தமிழ் மூலங்களும் வாய்மொழியும்

தமிழ் நூலை ஆங்கில இதழில் சுட்டும்போது, ஏபிஏ நடையில் தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, அதன் ஆங்கிலப் பொருளைச் சதுர அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். பொருளை மட்டும் எழுதிவிட்டால் அப்படியொரு தலைப்பில் நூலே இல்லை என்று நூலகர் கைவிரிப்பார். அதே போல, பழைய ஆங்கில ஆவணத்தின் தலைப்பில் இராமநாதபுரம் ‘ராம்நாட்’ என்றிருந்தால் அதைத் திருத்தக் கூடாது; மூலத்தில் உள்ளபடியே இருந்தால்தான் தேடக் கிடைக்கும்.

பழைய அச்சு நூல்கள் சிலவற்றில் அறுபதாண்டுச் சுழற்சியின் ஆண்டுப் பெயர் மட்டும் இருக்கும். பிரபவ என்றால் 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் 1987ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், முன்னுரை, தாளின் நிலை ஆகியவற்றைக் கொண்டு எந்தச் சுழற்சி என்று உறுதிப்படுத்திய பின்னரே ஆண்டை எழுத வேண்டும். உறுதியாகாவிட்டால் ஆண்டு இல்லை என்று குறிப்பதே முறை.

வாய்மொழிச் செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கஞ்சிப் பாசி எந்தத் தீவின் எந்தப் பக்கத்தில் எந்த மாதத்தில் தழைக்கும் என்று முப்பது ஆண்டுகள் தண்ணீரில் மூழ்கி அறிந்த ஒரு பெண், அதை எந்த இதழிலும் எழுதியதில்லை. ஏபிஏ நடை இத்தகைய நேர்ப்பேச்சைத் ‘தனிப்பட்ட தொடர்பு’ என்று உரைக்குள் மட்டும், பெயரும் தேதியும் தந்து குறிக்கச் சொல்கிறது. வாசகர் திரும்பிப் போய் எடுக்க ஆவணம் இல்லையாதலால் பட்டியலில் இடமில்லை. அவர் உங்கள் ஆய்வில் நேர்காணல் தந்தவரென்றால் ஆய்வுமுறைப் பகுதியில் அதை விளக்க வேண்டும். எதுவாயினும் ‘உள்ளூர் மக்கள் கூறுகின்றனர்’ என்று பொதுவாக எழுதி நகர்ந்துவிட வேண்டாம். இசைவு தந்தால் அவர் பெயர், இல்லையென்றால் ஊரும் தொழில் அனுபவமும், எந்த நாளில் கேட்டது என்பதும் வர வேண்டும். நூலெழுதியவருக்குக் காட்டும் அதே கவனம் அவருக்கும் உரியது.

கருவிகளும் கடைசிச் சோதனையும்

ஸோட்டரோ, மெண்டலே போன்ற மென்பொருள்கள் உள்ளீடுகளைச் சேமித்து, ஒரு சொடுக்கில் நடையை மாற்றித் தரும். ஸோட்டரோ இலவசம், தொடங்குபவருக்கு அதுவே போதும். ஆனால் கொடுத்த விவரத்தைத்தான் அது அடுக்கும். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் சேமிக்கப்பட்டிருந்தால் அப்படியே அச்சாகும். தந்தை பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருந்தால் அதுவே முன்னால் வரும். ஒவ்வொரு மூலத்தையும் சேர்க்கும் அன்றே கட்டங்களைச் சரிபார்த்துவிட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் சான்றுகளைக் கேட்டு வாங்கிய பட்டியல்களும் இப்போது வருகின்றன. அவை தரும் உள்ளீடு சில நேரங்களில் வடிவத்தில் பிழையின்றி இருக்கும். ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், இதழும் உண்மையாக இருக்கும், கட்டுரை மட்டும் இராது. அண்மையில் ஒரு மாணவரின் பட்டியலில் அப்படி மூன்று கண்டேன். டிஓஐ-யை உலாவியில் இட்டுப் பார்த்தபோது ஒன்று திறக்கவே இல்லை, மற்றொன்று தொடர்பே இல்லாத கட்டுரைக்குப் போனது, மூன்றாவதற்கு டிஓஐ-யே தரப்படவில்லை. அம்மாணவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். பட்டியல் என்பது அலங்காரம் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அனுப்பும் முன் கட்டுரையைத் தாளில் அச்செடுத்து, ஒரு பென்சிலுடன் உட்காருங்கள். உரையில் ஒவ்வொரு சான்றுக்குறிப்பையும் கண்டு, பட்டியலில் அதன் இணைக்கு ஒரு கோடு இடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலும் ஆண்டும் இரண்டிடத்திலும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு எழுதியிருந்தால் 2019அ, 2019ஆ என்று பிரித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். முடிவில் கோடு விழாத உள்ளீடுகளை நீக்குங்கள். பிறகு ஒவ்வொரு டிஓஐ-யையும் திறந்து பாருங்கள். நாற்பது உள்ளீடுகள் உள்ள கட்டுரைக்கு இந்த வேலை ஒரு முற்பகலில் முடிந்துவிடும்.